மேல் உதட்டைத் தூக்கும் ஆபரேஷன்: 43 வயதில் எனக்குச் சரிப்படுமா?

கோட்டையூர் பலகாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்து இன்றைக்குத்தான் அனுப்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் பதில் போட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு 43 வயது. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். ஆர்டர் பாதிக்கு மேல் சென்னை, பெங்களூரில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களிடமிருந்துதான். போன வருஷம் என் மகள், "ஆத்தா, நீயே பேசி வீடியோ போடு, மற்றவர்கள் பேசினால் எடுபடாது" என்றாள். போட்டேன். ஆர்டர் கூடியது. கூடவே என் முகத்தை நானே தினமும் பார்க்கிற வேலையும் வந்து சேர்ந்தது.

வீடியோவில் நான் பேசும்போது மேல்பல் ஒன்றுகூடத் தெரிவதில்லை. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் நாலு பேர் படுத்துறங்குகிற திண்ணை மாதிரி இடம் கிடக்கிறது. மேல் உதடு பென்சிலால் கோடு இழுத்த மாதிரி. "ஆச்சி ஏன் எப்பவும் கோபமாகவே பேசுகிறீர்கள்?" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். நான் அன்றைக்கு அதிரசப் பாகு பதம் சொல்லிக்கொண்டிருந்தேன், யார் மேலும் கோபமில்லை.

முகப்பில் மாட்டியிருக்கும் எங்கள் அப்பத்தா படத்திலும் இதே உதடுதான். ஆக இது சொத்தாக வந்தது. ஆனால் அப்பத்தாவை யாரும் வீடியோ எடுக்கவில்லையே.

இணையத்தில் தேடியபோது லிப் லிஃப்ட் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மூக்கடியில் கொஞ்சம் தோலை எடுத்துவிட்டு உதட்டை மேலே இழுத்துத் தைப்பது. பெண்களுக்கு மூக்கடியிலிருந்து உதட்டு விளிம்பு வரை பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தார்கள். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து அளந்தேன். எனக்கு 21!

அப்புறம் ஒரு பெரிய ஊரில் இருக்கும் க்ளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி எல்லாம் பிரமாதம். டாக்டர் அங்கே இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து பேசினாள். 21 என்று சொன்னதும் எழுதிக்கொண்டாள். "6 மில்லிமீட்டர் எடுத்தால் பத்து வயசு குறையும் மேடம், இந்த வாரம் முன்பணம் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி" என்றாள். டாக்டர் வீடியோ காலில் இரண்டு நிமிஷம் வந்து, "சின்ன விஷயம்தான், அரை நாளில் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிப் போனார். தீபாவளிச் சேலைக்குத் தள்ளுபடி பார்த்திருக்கிறேன், தோலை வெட்டுவதற்குத் தள்ளுபடி இப்போதுதான் பார்க்கிறேன்.

தையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தீபாவளி ஆர்டரை முடித்துக்கொண்டு கார்த்திகையில் செய்துகொண்டால் கல்யாணத்துக்குள் ஆறிவிடும் என்பது என் கணக்கு.

சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. ஒரே ஆபரேஷன் சிசேரியன்தான், அது ஆகி 15 வருஷம். மேல்காது குத்தியது மட்டும் புடைத்துக்கொண்டு தொந்தரவு கொடுத்தது, நகையைக் கழற்றிப் போட்டுவிட்டேன். வேறு ஒன்றுமில்லை.

வீட்டில் அவர் "உன் இஷ்டம்" என்றுவிட்டார். அவர் அப்படிச் சொன்னால் அவருக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். மகள்தான், "அப்போ எனக்கும் அதே உதடுதானே ஆத்தா, நானும் பண்ணிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தழும்பு தெரியுமா? வெட்டாமல் ஊசியிலேயே முடியுமா?


ஆத்தங்குடிக்காரன் எழுதியது:

ஆச்சி, உங்கள் மனகோலத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறோம், உதட்டைப் பார்த்தா போடுகிறோம்? அந்தக் காசுக்கு ஒரு நல்ல கிரைண்டர் வாங்குங்கள்.


கோட்டையூர் பலகாரம் எழுதியது:

அண்ணே, கிரைண்டர் ஆடியிலேயே வாங்கியாச்சு.


தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆச்சி, நான் செய்துகொண்டவள். ஊர் தேவகோட்டை பக்கம், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். 39 வயதில் செய்தேன், இரண்டு வருஷம் ஆகிறது. மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. மூக்கில் கட்டி எடுத்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் ஊசி விஷயம். நான் ஃபில்லரில்தான் ஆரம்பித்தேன். ஹையலூரானிக் அமிலம் என்பார்கள், உதட்டுக்குள் ஊசியால் ஏற்றுவது. ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருஷம் நிற்கும். பிடிக்காவிட்டால் கரைக்கவும் ஊசி உண்டு, அதுவரை நல்லது. ஆனால் நம் மாதிரி மூக்கடி நீளமானவர்களுக்கு அது உதட்டை முன்னால்தான் தள்ளுகிறது. நீங்கள் சொன்ன திண்ணை அப்படியே இருந்தது, திண்ணைக்குக் கீழே புதிதாக ஒரு படிக்கட்டு வந்தது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை போட்டபோது என் தம்பி "யாரிடமாவது சண்டையா?" என்று கேட்டான். அத்தோடு விட்டேன்.

பிறகு பார்த்த டாக்டர் முதல் நாள் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை. காலிப்பர் என்கிற அளவுக் கருவியால் அளந்தார், 18 இருந்தது. சிரிக்கச் சொன்னார். சிரிக்கும்போது ஈறு தெரிகிறவர்களுக்கு இதைச் செய்தால் ஈறு இன்னும் அதிகமாகத் தெரியுமாம். எனக்குத் தெரியவில்லை. மூக்கடியில் மடிப்பு ஆழமாக இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார், தையலை அந்த மடிப்புக்குள்தான் ஒளித்து வைக்க முடியும் என்பதால். மட்டமான மூக்கடி என்றால் கோடு வெளியே கிடக்கும். நான் 6 எடுங்கள் என்றேன், அவர் 4க்கு மேல் ஒத்துக்கொள்ளவே இல்லை. "குறைவாக எடுத்தால் இன்னொரு தடவை எடுக்கலாம், அதிகமாக எடுத்தால் திருப்பி ஒட்ட முடியாது" என்றார்.

அன்றைக்கு என்னை உட்கார வைத்தே பேனாவால் வரைந்தார். மரப்பு ஊசி போட்டால் அந்த இடம் உப்பிவிடும், அளவு தப்பும், அதனால் வரைந்த பிறகுதான் ஊசி. கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு நாசிக்கும் கீழே சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளையின் கொம்பு மாதிரி இருந்தது. நிஜமாகவே அதற்கு மாட்டுக்கொம்பு என்றுதான் டாக்டர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள். மூக்கடியில் அந்த ஊசி போடுகிறார்களே, அது ஒன்றுதான் வலி. கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டும். அப்புறம் ஒரு மணி நேரம் இழுப்பதும் தைப்பதும் தெரியுமே தவிர வலிக்காது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை. மேல் உதடு சீயம் மாதிரி வீங்கிவிட்டது. முதல் வாரம் இட்லியை நகத்தளவு பிட்டு உள்ளே தள்ளினேன், காரம் கிட்டே வரக்கூடாது. உதடு ஒட்டிப் பேசுகிற எழுத்து எதுவும் சரியாக வரவில்லை. போனில் அப்பச்சியைக் கூப்பிட்டால் "அத்தச்சி" என்று வந்தது. ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். இரண்டு வாரம் மாஸ்க்கோடு நடமாடினேன். உதட்டின் நடுவில் மரத்த மாதிரி இரண்டு மாதம் இருந்தது, வாய்விட்டுச் சிரித்தால் மேலே யாரோ பிடித்து இழுப்பது போலவும்.

தழும்பு கேட்டீர்களே. மூன்று மாதம் சிவப்பு. பிறகு நம் நிறத்துக்கு ஆகிறபடி கறுத்தது, மீசை முளைத்த மாதிரி. சிலிக்கான் ஜெல்லும் சன்ஸ்க்ரீனுமாக வருஷம் முழுக்கத் தேய்த்தேன். இப்போது இடப்பக்க நாசிக்குக் கீழே வெயிலில் பார்த்தால் ஒரு நூல் தெரியும். பவுடர் போட்டால் போய்விடும்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: தூக்குவது நடு உதட்டைத்தான். ஓரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்களுக்கு வாயோரம் ஏற்கெனவே கொஞ்சம் தொங்கினால், நடு மட்டும் மேலே போய் இன்னும் வாட்டமாகத் தெரிய வாய்ப்புண்டு. "கோபமா" என்று கேட்டவர் அடுத்து "அழுதீர்களா" என்று கேட்பார். வாயோரத்துக்குத் தனி ஆபரேஷன் இருக்கிறது, அதன் தழும்பை ஒளிக்க மடிப்பு கிடையாது.

எனக்கு வருத்தமா என்றால் இல்லை. "அம்மா" என்று சொல்லி வாயை விட்டால் இப்போது இரண்டு பல் நுனி தெரிகிறது, அதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. செலவு எல்லாம் சேர்த்து 1 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அழகுக்குச் செய்வதால் இன்ஷூரன்சில் ஒரு பைசா வராது.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் செய்யவே செய்யாதீர்கள். கார்த்திகையில் வெட்டினால் தையில் தழும்பு நன்றாகச் சிவந்திருக்கும். சொந்தபந்தம் மொத்தமும் முகப்பில் உட்கார்ந்து உங்கள் மூக்கடியைத்தான் பார்க்கும்.


பழைய வார்டு சிஸ்டர் எழுதியது:

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் 11 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வார்டில் அழகுக்கு வந்தவர்கள் அபூர்வம். தீக்காயம், மெஷினில் மாட்டிய கை, பிளவுதட்டுப் பிள்ளைகள், இதுதான் தினசரி. பிளவுதடு தைக்கும்போது சிவப்பு விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் பார்க்கிறவர் கண்ணில் படும், அதனால் உதடு என்றாலே எனக்குப் பயம் கலந்த மரியாதை.

எல்லோரும் மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆச்சி கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறார்களே, மேல்காது புடைத்தது என்று, அதை ஒருவரும் பார்க்கவில்லையா?

ஆச்சி, அந்தப் புடைப்பு குத்திய துளையோடு நின்றதா, துளையைத் தாண்டிச் சுற்றிலும் வளர்ந்ததா? நகையைக் கழற்றிய பிறகு வற்றியதா, அப்படியே இருக்கிறதா? அரிக்கிறதா? சிசேரியன் தழும்பு எப்படி இருக்கிறது? வெளுத்த கோடாகப் படிந்துவிட்டதா, கயிறு மாதிரி தடித்திருக்கிறதா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. காயத்தோடு நின்று தடிக்கிற தழும்பு நாளாக நாளாகத் தணியும். காயத்தைத் தாண்டி வளர்வது கீலாய்டு. அது தானாக வற்றாது. வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, பழையபடி வளரும், சில நேரம் முன்னைவிடப் பெரிதாக. நம் போன்ற கறுத்த தோலுக்கு அது அதிகம். காது, நெஞ்சு, தோள்பட்டை, இவைதான் அது விரும்புகிற இடங்கள். முகத்தின் நடுப்பகுதியில் வருவது குறைவு, அது ஓர் ஆறுதல். ஆனால் அடிவயிற்றில் வந்தால் சேலை மறைக்கும், மூக்கடியில் வந்தால் எதை வைத்து மறைப்பீர்கள்? இதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும், காதைக் காட்டவும் வேண்டும். அந்த க்ளினிக்கில் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்களா?

இரண்டாவது, 21 என்பது எனக்கு நம்பும்படி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேலில் பூஜ்யப் பக்க முனை பெரும்பாலும் உடைந்தோ தேய்ந்தோ போயிருக்கும். ஓரத்தை மூக்கில் முட்டக் கொடுத்துத்தானே அளந்தீர்கள்? மறுபடி பாருங்கள்.

மூன்றாவது, ரஸ்தா சொன்ன "அம்மா" பரீட்சை. "அம்மா" என்று சொல்லி முடித்து உதட்டைத் தளர விடுங்கள், அந்த நிலையில் மேல் முன்பல் எவ்வளவு தெரிகிறது? இளவயதுப் பெண்களுக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் தெரியும், வயதாக ஆகக் குறையும். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் சில காரணங்கள் இருக்கலாம். உதடு நீளமாக இருக்கலாம், இல்லை பல் குட்டையாகத் தேய்ந்திருக்கலாம். மேல்தாடை கொஞ்சம் உள்வாங்கியிருந்தாலும் இப்படி ஆகும். பல் தேய்ந்ததற்குத் தோலை வெட்டுவது, கதவு ஒட்டவில்லை என்று சுவரை இடிக்கிற மாதிரி. அதனால் முதலில் ஒரு பல் டாக்டரைப் பாருங்கள், நம் காரைக்குடியிலேயே ஆகிற வேலை.

போன் விஷயமும் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் போனை வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகி முகக்கணக்கே மாறிவிடும். ஐந்தடி தள்ளி, கண் மட்டத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்தும் வேண்டும் என்று தோன்றினால் செய்துகொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. எம்.பி.பி.எஸ்., அப்புறம் எம்.எஸ்., அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்தானா என்று பார்த்துக்கொண்டு, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டப் போகிறவரே உங்களை நேரில் உட்கார வைத்து அளக்க வேண்டும். அவர் செய்த ஆட்களின் படத்தை, ஒரு வருஷம் கழித்து எடுத்ததை, நம் நிறத்துப் பெண்களின் படமாகக் கேளுங்கள். ஒரு வாரத்துப் படத்தில் எல்லோரும் அழகுதான், வீக்கம் இருக்கிறதே.


கோட்டையூர் பலகாரம் எழுதியது:

சிஸ்டர், இரண்டு நாளாக உங்கள் பதிலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஸ்கேலை எடுத்துப் பார்த்தேன். பூஜ்யப் பக்க முனை உடைந்து முதல் 4 மில்லிமீட்டரே காணோம். ஆக எனக்கு 17தான். மகள் தரையில் விழுந்து சிரித்தாள், கணக்கில் அவளைத் திட்டுகிறவள் நான்.

சிரிப்பு அடங்கியதும் வேறொன்று உறைத்தது. 21இல் 6 போனால் 15 மிஞ்சும். 17இல் 6 போனால் 11. அந்தப் பெண் நான் சொன்ன 21ஐ அப்படியே எழுதிக்கொண்டாளே தவிர ஒருத்தரும் அளக்கவில்லை. காதைப் பற்றியும் கேட்கவில்லை.

காதுப் புடைப்பு துளையைத் தாண்டிவிட்டது. இப்போது ஒரு முழு நிலக்கடலை அளவு இருக்கிறது, எண்ணெய்ச் சட்டி முன்னால் வேர்த்தால் அரிக்கும். தலைமுடியை இழுத்துவிட்டு மறைத்துவிடுவதால் நானே மறந்துபோனேன். சிசேரியன் தழும்பு ஒரு முனையில் மட்டும் தடித்திருக்கிறது.


தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆச்சி, எனக்குக் காது இரண்டு பக்கமும் மூன்று துளை, ஒன்றும் ஆகவில்லை. அதனால் அந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகவே படவில்லை, எழுதும்போது விட்டுவிட்டேன். என் கதையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.


கோட்டையூர் பலகாரம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தீபாவளியில் மூச்சுவிட நேரமில்லை, 140 கிலோ போனது.

பல் டாக்டரிடம் முதலில் போனேன். முன்பல் நான்கும் தேய்ந்திருக்கின்றன, ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். வீட்டில் வந்து சொன்னால் அவர், "ஆமா, கல்யாணமான நாளிலிருந்து கடிக்கிறாயே" என்கிறார். இருபது வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை! தூங்கும்போது போட ஒரு கவசம் அச்செடுத்திருக்கிறார்கள். பல் நுனியைப் பூசிக் கட்டினால் கொஞ்சம் நீளம் கிடைக்குமாம்.

பிறகு திருச்சியில் ஒரு எம்.சிஎச். டாக்டர். நாற்பது நிமிஷம் உட்கார வைத்துப் பேசினார். காலிப்பரில் 16.5. "அம்மா" சொன்னால் அரை மில்லிமீட்டர் பல் தெரிகிறது. ஈறு தெரியவில்லை, மூக்கடி மடிப்பு சுமார் ரகம். செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம் என்கிற இடத்தில் நான் நிற்கிறேனாம், செய்தாலும் 3க்கு மேல் தொடமாட்டாராம். காதைப் பார்த்ததும் கீலாய்டுதான் என்றார். முதலில் அதற்கு ஸ்டீராய்டு ஊசி, மாதத்துக்கு ஒன்றாகச் சில மாதம். அது எப்படி அடங்குகிறது, தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு, பல் வேலையும் முடிந்த பிறகு, அப்போதும் ஆசை இருந்தால் அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். ஆசை இருக்குமா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. இருந்தால் போவேன், அதில் வெட்கமில்லை.

கல்யாணத்துக்கு இதே உதடுதான். மகளுக்கும் அதைச் சொல்லிவிட்டேன். "சரி, அப்போ எனக்கு முன்னால் நீ முடிவு பண்ணு" என்றாள்.

போனை ஐந்தடி தள்ளி ஜன்னல் விளிம்பில் வைத்துப் போன வாரம் கந்தரப்பம் வீடியோ எடுத்தோம். முகம் பரவாயில்லை, ஆனால் சட்டியில் என்ன வேகிறது என்று தெரியவில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

வரும் திங்கட்கிழமை காதுக்கு முதல் ஊசி. அந்தக் கண்ணாடிக் கதவு க்ளினிக்கிலிருந்து நேற்றுக்கூட போன் வந்தது. இப்போது 30 சதவீதமாம்.